வெள்ளை டேப்பில் நீல எழுத்து

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. அப்போது பெங்களூரில் ஒரு தனியார் காலேஜில் எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயரிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். இதை இதுவரை இரண்டே பேரிடம்தான் முழுதாகச் சொல்லியிருக்கிறேன். அந்த இரண்டு பேரும் இந்த அனுபவத்துக்குள்ளேயே வருகிறார்கள்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பம் ஆம்பூர் பக்கத்திலிருந்து வந்து பெங்களூர் ஈஜிபுராவில் வாடகைக்குக் குடியிருக்கிறது. அப்பா கம்பெனி வேன் ஓட்டுகிறார். பத்தாவது படிக்கும்போதே எங்கள் சந்தில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பாதி தேறும். தேறாததற்கு, "இது கம்பெனியிலேயே கோளாறு ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவேன். நான் கை வைத்தது கெட்டுப்போனால் தப்பு என் கையில் இருக்காது, பொருளில்தான் இருக்கும் என்று அப்போதே ஒரு நினைப்பு. அந்த நினைப்போடுதான் இன்ஜினீயரிங்கும் சேர்ந்தேன்.

கடைசி வருட புராஜெக்டுக்கு இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். ரோல் நம்பர்படி எனக்கு வாய்த்தவள் அதே ஊரில் மர்பி டவுன் பெண். மூன்று தலைமுறையாக அங்கேயே இருப்பவர்கள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கடைக்குப் போனால் உருது என்று சர்வசாதாரணமாக மாறுவாள். ஆனால் வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். எதையும் நோட்டில் எழுதி, கோடு போட்டு, சரிபார்த்த பிறகுதான் தொடுவாள். எனக்கு அது ஆமை வேகமாகத் தெரிந்தது. இவளோடு சேர்ந்து என்னத்தைக் கிழிக்கப் போகிறோம் என்று நண்பர்களிடம் சலித்துக்கொண்டதும் உண்டு.

என்ன செய்வது என்று பேசியபோது நான் சொன்னதெல்லாம் பெரிய பெரிய விஷயங்கள். ரோபோ, டிரோன், முகத்தைப் பார்த்துத் திறக்கும் கதவு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்:

"தண்ணி வர்றதுக்கு முன்னாடி குழாய் உஸ்ஸுனு சத்தம் போடுமே, கேட்டிருக்கியா?"

அவர்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். எத்தனை மணிக்கு என்பது தண்ணீருக்கே தெரியாது. எல்லோரும் குழாயைத் திறந்தே வைத்திருப்பார்கள். தண்ணீர் வருவதற்குச் சில நிமிடம் முன்பு குழாயில் அடைபட்டிருக்கும் காற்று சீறிக்கொண்டு வெளியே வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் குடங்களோடு ஓட வேண்டும். அவள் அம்மா ஒரு ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறார். தண்ணீர் வரும் நாளில் குழாயடியில் காத்திருந்தே வேலைக்குத் தாமதமாகிவிடும், சூப்பர்வைசரிடம் திட்டு வாங்குவார். அந்தக் காற்றின் சத்தத்தை மட்டும் கேட்டுப் புரிந்துகொண்டு பஸ்ஸர் அடிக்கிற ஒரு சின்னப் பெட்டி செய்யலாம் என்றாள். அப்படி ஒரு பெட்டி இருந்தால் வீட்டுக்குள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். முன்னாலேயே எச்சரிப்பதால் பாத்திரங்களையும் தயாராக எடுத்து வைக்கலாம்.

எனக்கு உள்ளுக்குள் பொறாமையாக இருந்தது. எவ்வளவு நல்ல யோசனை! ஆனால் வெளியே, "ம், பண்ணலாம்" என்று மட்டும் சொன்னேன்.

சர்க்யூட்டை வரைந்ததும் அவள்தான். ரொம்பச் சிக்கல் இல்லை. ஒரு மைக் சத்தத்தைக் கேட்கும், ஒரு பகுதி அந்தச் சீறலை மட்டும் வடிகட்டிப் பெரிதாக்கும், கடைசிப் பகுதி அது ஒரு அளவைத் தாண்டிவிட்டதா என்று பார்த்து பஸ்ஸரை அடிக்கும். அந்த அளவு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு ரெசிஸ்டர்கள். ஒன்று 1.5 கே, அதாவது கிலோ ஓம், இன்னொன்று 5.1 கே. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், என் மானம் போனது இவற்றில்தான்.

ரெசிஸ்டர் என்பது அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய பொருள். அதன் மேல் எண் எழுத இடமிருக்காது. அதனால் வண்ணக் கோடுகள் போட்டிருப்பார்கள், ஒவ்வொரு நிறமும் ஒரு எண். 1.5 கே என்றால் பழுப்பு, பச்சை, சிவப்பு. 5.1 கே என்றால் பச்சை, பழுப்பு, சிவப்பு. அதே மூன்று நிறம்தான், வரிசை மட்டும் மாறும். முதல் வருடத்திலேயே மனப்பாடம் செய்ய வைத்துவிடுவார்கள்.

எலெக்ட்ரானிக்ஸ் சாமான் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் அவள்தான் உருதுவில் பேரம் பேசி எல்லாம் வாங்கினாள். ஒவ்வொன்றையும் சின்னச் சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு, மேலே அளவை எழுதி என்னிடம் கொடுத்தாள். துளை போட்ட பலகையில் தற்காலிகமாகச் செருகிப் பார்த்ததும் அவள்தான். அழகாக வேலை செய்தது. இனி அதை நிரந்தரமான போர்டில் சாலிடரிங் செய்ய வேண்டும், அதாவது ஈயம் உருக்கிப் பற்றவைக்க வேண்டும். "கைவேலையா, என்கிட்ட விடு" என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் ரெவ்யூ, அதுவரை செய்ததைக் காட்ட வேண்டிய நாள். வீட்டில் தரையில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன். ஒவ்வொரு கவராகப் பிரித்து, எடுத்து, மூடி வைப்பதற்குப் பொறுமை இல்லை. எல்லாவற்றையும் ஒரு டிபன் பாக்ஸ் மூடியில் கொட்டிக்கொண்டேன். கவர்களைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன். கலர் பார்த்து எடுத்துக்கொள்ளலாம், அதற்குத்தானே கலர் போட்டிருக்கிறார்கள்! முடித்ததும் பேட்டரி மாட்டினேன், விளக்கு எரிந்தது. அதோடு சரி. மல்ட்டிமீட்டரை எடுத்து ஒவ்வொன்றையும் அளந்திருந்தால் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

மறுநாள் லேபில் எங்கள் முறை வந்தது. அவள் வீட்டிலிருந்து ஒரு துண்டுக் குழாயும் பழைய பித்தளைக் குழாய்த் திருகும் கொண்டுவந்திருந்தாள். நான் சைக்கிள் பம்பை மாட்டிக் காற்று அடித்தேன். குழாய் உஸ்ஸென்று சீறியது. பெட்டி கம்மென்று இருந்தது. இன்னும் வேகமாக அடித்தேன். வேர்த்து வழிந்ததுதான் மிச்சம். பின்னால் யாரோ, "மச்சா, சைக்கிள் எங்கடா?" என்று கேட்க, லேபே சிரித்தது.

எங்கள் கைடு ஒரு கன்னடக்காரர், கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர். அவரே மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தார். இரண்டு வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட ஏழு வோல்ட் இருந்தது. அவ்வளவு உயரத்துக்கு எந்தக் குழாய்ச் சத்தமும் எட்டாது. போர்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "ஏனப்பா இது, ரெண்டு ரெசிஸ்டரும் உல்ட்டா இருக்குது?" என்றார்.

அந்த ஒரு நொடியில் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "கவர்ல மாத்தி எழுதியிருந்துச்சு சார். நான் கவரைப் பார்த்துத்தான் எடுத்தேன்."

நான் கவரைப் பார்க்கவே இல்லை. ஆனால் அந்தப் பொய் எவ்வளவு பொருத்தமாக உட்கார்ந்துவிட்டது தெரியுமா! ஒன்று புள்ளி ஐந்து, ஐந்து புள்ளி ஒன்று. எழுதும்போது யாருக்கும் மாறிப்போகக்கூடிய எண்கள். சார் உடனே நம்பிவிட்டார்.

"யாரு சார்ட் மாடித்து?" என்று கேட்டார். யார் பிரித்து வைத்தது என்று.

"நான்தான் சார்" என்றாள்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அவள் பார்த்தது அப்படி இல்லை. போர்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி போர்டைப் பார்த்தாள். கணக்கில் ஏதோ இடிக்கிறதே என்பது போல் ஒரு பார்வை.

சார் அங்கேயே முடிவு சொல்லிவிட்டார். இனி அவள் ரிப்போர்ட் எழுதட்டும், ஹார்டுவேரையும் கடைசி நாள் விளக்கத்தையும் நான் பார்த்துக்கொள்ள வேண்டும். அவளுடைய யோசனை, அவள் வரைந்த சர்க்யூட், அவள் அம்மாவுக்கான பெட்டி. எல்லாம் ஒரு நிமிடத்தில் என் கைக்கு வந்துவிட்டது. கடைசி நாளன்று கம்பெனிக்காரர்கள் வந்து பார்ப்பார்கள், பிடித்திருந்தால் வேலைக்கு எடுப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

நான் அன்று மாலை அவளிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தேன். பிறகு, 'அவசரத்தில் நடந்தது, யாருக்கும் நடப்பதுதானே' என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பெயருக்குத்தான் ஹார்டுவேர் என்னுடையது, பொருள் வாங்குவதும் சோதிப்பதும் அப்போதும் அவள்தான். அடுத்த வாரத்திலிருந்து ஒரு மாற்றம். அவள் கொடுக்கும் ஒவ்வொரு பொருளிலும், ஒவ்வொரு ரெசிஸ்டரின் காலிலும், துக்கினியூண்டு வெள்ளை டேப் கொடி போல ஒட்டியிருக்கும். அதன் மேல் நீலப் பேனாவில் பொடி எழுத்தில் அளவு. கவரில் அல்ல, பொருளிலேயே. அதைப் பார்த்து நான் என்ன சொன்னேன் தெரியுமா? நண்பர்கள் நாலு பேர் இருக்கும்போது, சிரித்துக்கொண்டே, "இப்பதான் ஒழுங்கு வந்துச்சு" என்றேன்.

அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை, அடுத்த டேப்பை வெட்டிக்கொண்டிருந்தாள்.

இன்னொரு நாள். பெட்டியில் ஒரே விளக்கு வைத்திருந்தோம். சும்மா இருக்கும்போது பச்சையாகவும், காற்றுச் சத்தம் கேட்டதும் சிவப்பாகவும் மாறுகிற விளக்கு. பஸ்ஸரைக் கழற்றி வைத்துவிட்டு அவள் லேபின் மறு மூலையில் பம்ப் அடித்தாள்.

"லைட் மாறிச்சா?" என்று அங்கிருந்து கேட்டாள்.

"இல்லையே, அப்படியேதான் இருக்கு" என்றேன்.

அவள் எழுந்து வந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சரி, விடு" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் அந்த விளக்கு இல்லை. அதற்குப் பதில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று தள்ளித் தள்ளி இரண்டு விளக்குகள் இருந்தன. ஏன் என்று கேட்டதற்கு, "பாக்க நல்லா இருக்கும்னு வெச்சேன்" என்றாள். பெண்களுக்கு அழகு முக்கியம்போல என்று நினைத்துக்கொண்டேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

கடைசி நாள் வந்தது. நான் பம்ப் அடித்தேன், குழாய் சீறியது, பஸ்ஸர் அலறியது. "மேல் விளக்கு எரிந்தால் தண்ணீர் வருகிறது என்று அர்த்தம்" என்று விளக்கினேன். கைதட்டினார்கள். பொம்மசந்திராவில் கன்ட்ரோல் போர்டு தயாரிக்கும் ஒரு கம்பெனியிலிருந்து வந்தவர் என் கையைக் குலுக்கினார், எனக்கு வேலை கிடைத்தது. அவள் கடைசி வரிசையில் ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சில மாதம் கழித்து, எடைபோடும் மெஷின்களைச் சரிபார்க்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன்.

சார் எங்கள் பெட்டியை லேபில் உள்ள கண்ணாடி அலமாரியில் வைக்கச் சொன்னார். பக்கத்தில் ஒரு அட்டை. வடிவமைப்பு என்று என் பெயர். அறிக்கை என்று அவள் பெயர்.

வேலையில் ஆறு மாதப் பயிற்சி முடிந்து நிரந்தரமாக்கும் முன் மெடிக்கல் செக்கப் வைத்தார்கள். கண் பரிசோதனையில் ஒரு புத்தகத்தைக் காட்டினார்கள். வண்ண வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைச் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் நின்றவன் கடகடவென்று சொல்லிவிட்டுப் போனான். நான் முதல் பக்கத்தில் பன்னிரண்டு என்றேன். டாக்டர் பக்கத்தைத் திருப்பினார். புள்ளிகள்தான் இருந்தன. அடுத்ததிலும் புள்ளிகள். "எண்ணே இல்லையே டாக்டர், அச்சு சரியாக விழவில்லையா?" என்று கேட்டேன். பாருங்கள், அங்கேயும் புத்தகத்தின் மேல்தான் தப்பு!

அவர் சிரிக்கவில்லை. "உங்களுக்குச் சிவப்பு, பச்சை, பழுப்பு எல்லாம் சரியாப் பிரிச்சுத் தெரியாது. பிறவியிலேயே இருக்கறதுதான். இத்தனை நாள் யாருமே சொல்லலையா?" என்றார்.

வேலை போய்விடுமோ என்று பயந்தேன். நல்லவேளை, போகவில்லை. போர்டுகளைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கும் பிரிவிலிருந்து, மீட்டரால் அளந்து சோதிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் ஓசூர் ரோடு டிராஃபிக்கில் பஸ் நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். தக்காளி பொறுக்கச் சொன்னால் காயாகப் பொறுக்கிவருவேன். "கண்ணை எங்கடா வெச்சிருந்தே" என்று அம்மா திட்டுவார். சிக்னலில் எது சிவப்பு என்று இடத்தை வைத்துத்தான் எனக்குத் தெரியும். எல்லோருக்கும் அப்படித்தான் என்று இருபத்திரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் டிபன் பாக்ஸ் மூடி ஞாபகம் வந்தது. பழுப்பு, பச்சை, சிவப்பு. பச்சை, பழுப்பு, சிவப்பு. எனக்கு இரண்டுமே ஒரே சேற்று நிறம். அதற்குப் பிறகு ரெசிஸ்டர் காலில் ஒட்டிய டேப்புகள். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று வைத்த விளக்குகள்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கே தெரியாதது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அப்போது எனக்குக் குற்ற உணர்ச்சியைவிட நிம்மதிதான் அதிகம் வந்தது. அப்பாடா, தப்பு என் மேல் இல்லை, கண் மேல்! ரிப்பேர்க்காரனுக்கு மறுபடியும் ஒரு கம்பெனிக் கோளாறு கிடைத்துவிட்டது. இதை அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று அந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு கிலோ ஆப்பிளோடு மர்பி டவுனுக்குக் கிளம்பினேன்.

நெருக்கமான தெரு. வாசலில் அவள் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். யார் என்று சொன்னதும், "ஓ, பெட்டி செஞ்ச புள்ளையா? உள்ள வா பா, இன்னா வெளியவே நின்னுக்கினு" என்றார். அந்த வார்த்தையே சுருக்கென்றது. வாசல் குழாய்க்கு மேலே சுவரில் எங்கள் பெட்டியின் இன்னொரு பிரதி மாட்டியிருந்தது. அவளே செய்திருக்கிறாள். மேல் விளக்கின் அருகில் வெள்ளை டேப்பில் நீல எழுத்தில் 'தண்ணி வருது' என்றும், கீழ் விளக்கின் அருகில் 'இன்னும் இல்ல' என்றும் எழுதியிருந்தது.

அவள் வந்தாள். நான் நின்றவாக்கிலேயே ஆரம்பித்தேன். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த ரெவ்யூ அன்னைக்கு..."

பஸ்ஸர் அலறியது.

அவ்வளவுதான். தெருவே எழுந்துவிட்டது. பக்கத்து வீடுகளிலிருந்து குடங்கள் கிளம்பின. "பேச்சை அப்புறம் வெச்சுக்கோ, அந்த நீலக் கொடத்தை எடு!" என்று அவள் அம்மா எனக்கு உத்தரவு போட்டார். நீலம் எனக்கு நன்றாகத் தெரியும். எடுத்து ஓடினேன். அப்போதுதான் உறைத்தது, டேப்பில் எழுதியதெல்லாம் ஏன் நீல மையில் இருந்தது என்று.

அவளும் நானும் குடத்தை மாற்றி மாற்றி வைத்தோம். உள்ளேயிருந்து அவள் அண்ணன் வந்து நிரம்பிய குடங்களைத் தூக்கிப்போனார், என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். சமையலறை வரை போய்வந்ததில் நான் கவனித்தேன், அந்த வீட்டில் எங்கு பார்த்தாலும் டேப். சட்டை மாட்டியிருந்த ஆணிகளுக்கு மேலே, போன் சார்ஜர்களில், மாத்திரை டப்பாவில்.

"அண்ணனுக்கும் உன்ன மாதிரிதான்" என்றாள், அவர் உள்ளே போனதும். "ரயில்வேல டிரைவர் வேலைக்கு எல்லாப் பரீட்சையும் பாஸ் பண்ணிட்டான். மெடிக்கல்ல புள்ளி புக்கைக் காட்டி அனுப்பிட்டாங்க. ரெண்டு வருஷம் ஒழுங்கா யார்கிட்டயும் பேசல. நீ லைட் மாறலைன்னு சொன்ன அன்னைக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு. கேம்பஸ் வர்ற நேரம். அப்ப போயி உனக்குக் கலர் தெரியாதுன்னு சொன்னா நீயும் உக்காந்துடுவ. அதான் கம்முனு லைட்டை ரெண்டாக்கிட்டு, டேப்பையும் விடாம ஒட்டினேன்."

"எனக்கு இப்பதான் தெரிஞ்சுது. டாக்டர் சொன்னாரு. அதைச் சொல்லத்தான் வந்தேன். அன்னைக்கு மாத்தி வெச்சதுக்கு அதுதான் காரணம்..."

அவள் குழாயடியில் இருந்த குடத்தை நகர்த்தாமல் அப்படியே நின்றாள். தண்ணீர் நிரம்பி வழிந்தது. ஒரு குடம் தண்ணீருக்குத் தெருவே ஓடுகிற இடம் அது.

"கலர் தெரியாதது உன் தப்பு இல்ல. அதுக்கு நீ ஏன் மன்னிப்புக் கேக்கற? நான் கவர்ல மாத்தி எழுதினேன்னு சொன்னியே, அதுக்கும் கண்ணுதான் காரணமா?"

கையில் காலிக்குடத்தோடு நின்றேன்.

"நான் எவ்ளோ நாள் என்னையே சந்தேகப்பட்டேன் தெரியுமா? உண்மையிலேயே மாத்தி எழுதிட்டேனோன்னு. லைட் விஷயம் தெரியற வரைக்கும் ராத்திரி படுத்தா அந்தக் கவர்தான் கண்ணுல வரும். வேலைக்குச் சேந்த அப்புறம்கூட எதை எழுதினாலும் மூணு தடவ பாப்பேன்." குடத்தை நகர்த்திவிட்டு, "சரி, அடுத்ததை வை" என்றாள்.

மீதிக் குடங்களையும் நிரப்பி முடித்தோம். அவள் அம்மா காபி கொடுத்தார். நான் கொண்டுபோன ஆப்பிளில் ஒன்றை வெட்டி எனக்கே கொடுத்தார். நான் அவளிடம், "பொய் சொன்னேன். தெரிஞ்சேதான் சொன்னேன். மன்னிச்சிடு" என்றேன். அவ்வளவு சின்ன வாக்கியம். அதைச் சொல்ல எனக்கு அத்தனை மாதம் ஆகியிருந்தது. அவள் ம் என்றாள். மன்னித்துவிட்டாள் என்று நானாக எடுத்துக்கொள்ள முடியாத ஒரு ம்.

அடுத்த சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் காலேஜுக்குப் போனேன். சார் லேபில்தான் இருந்தார். அவரிடம் கண்ணைப் பற்றி முதலில் சொல்லவில்லை. கவரைப் பற்றித்தான் சொன்னேன். கவரைப் பார்க்காமலே பார்த்தேன் என்று பொய் சொன்னேன் சார், அவள் எழுதியது சரியாகத்தான் இருந்தது என்றேன். கண் விஷயத்தைக் கடைசியில்தான் சொன்னேன், அதுவும் ரெசிஸ்டர்கள் எப்படி மாறின என்று அவர் கேட்டதால்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "மார்க் எல்லாம் போய் ஆயிற்று, அதை நான் மாத்த முடியாது" என்றார் அவருடைய தமிழில். பிறகு மெதுவாக, "நானும் அந்தப் பொண்ணை ஒரு வார்த்தை கேட்கலை. யாரு பிரிச்சதுன்னு கேட்டேன், சரியாப் பிரிச்சியான்னு கேட்கலை" என்றார்.

நான் அலமாரியைக் காட்டினேன். அவர் மேஜை டிராயரைத் திறந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். வெள்ளை டேப்பும் நீலப் பேனாவும் நானே வாங்கிப் போயிருந்தேன். அட்டையில் இருந்த பழைய எழுத்தின் மேல் டேப்பை ஒட்டி, யோசனை, வடிவமைப்பு, சர்க்யூட் என்று எழுதி அவள் பெயரைப் போட்டேன். கீழே சாலிடரிங் என்று எழுதி என் பெயர். அதற்கும் கீழே, முதல் முறை தப்பாகச் செய்தவர் என்று சேர்த்தேன். சார் அதைப் பார்த்துவிட்டு, "இது பேடா" என்றார், வேண்டாம் என்று. இருக்கட்டும் சார் என்றேன். விட்டுவிட்டார். இன்றைக்கும் அது அங்கே இருக்கிறது, ஜூனியர்கள் படித்துவிட்டுச் சிரிப்பதாகக் கேள்வி.

அட்டையை போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று காட்டியது. பதில் இல்லை. ஈஜிபுரா வந்து சேர்ந்து, சாப்பிட உட்காரும்போதுதான் போன் அதிர்ந்தது.

"எழுத்து கோணலா இருக்கு. பரவால்ல, இப்பதான் ஒழுங்கு வந்துச்சு."

தட்டில் கை வைத்தபடியே அழுதுவிட்டேன். காரம் என்று அம்மாவிடம் சொன்னேன், பொய்தான், ஆனால் இதில் யார் மேலும் பழி இல்லை.

கம்பெனியில் என் மேஜையில் உள்ள டப்பாக்களுக்கெல்லாம் இப்போது வெள்ளை டேப் ஒட்டி நீல மையில் எழுதி வைத்திருக்கிறேன். போர்டு ஏதாவது வேலை செய்யாவிட்டால் 'யார் மாத்தி வெச்சது' என்றுதான் இன்னும் முதலில் வாயில் வருகிறது. அப்போதெல்லாம் போனை எடுத்து அந்த ஒற்றை மெசேஜைப் படித்துக்கொள்கிறேன், அதற்குப் பிறகு என் கை பக்கத்து மேஜையைக் காட்டாமல் மீட்டரைத் தேடிப் போகிறது.